பேலியோவில் சதைப்பிடிப்பு: எந்த அறிகுறிக்கு எங்கே பார்ப்பது

பேலியோவோ கீட்டோவோ, மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடத் தொடங்கிய முதல் சில வாரங்களில் நடு ராத்திரியில் கெண்டைக்கால் சதை இழுத்துப் பிடிப்பது ரொம்பவே சகஜம். சகஜம் என்பதற்காகப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. பெரும்பாலானவர்களுக்குச் சில நாட்களிலேயே சரியாகிவிடும்.

யாரிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் “மக்னீசியம் மாத்திரை போடுங்க” என்பதுதான். அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. முதலில் உப்பைப் பாருங்கள். அடுத்து பொட்டாசியம். மக்னீசியம் அதற்கப்புறம். உடம்பில் இந்தச் சத்துகள் வெளியேறும் வரிசையே கிட்டத்தட்ட அப்படித்தான் இருக்கிறது; காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

உங்களுக்குப் பொருந்தும் அறிகுறிக்கு நேராகப் போகலாம். ஆனால் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள், இதய பலவீனம், சிறுநீரகக் கோளாறு, கல்லீரல் சுருக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோர் உப்பையோ பொட்டாசியத்தையோ கூட்டச் சொல்லும் பகுதிகளைத் தாமாகச் செயல்படுத்த வேண்டாம். மாத்திரைகளைப் பற்றிய பகுதியையும், உணவோடு சம்பந்தமில்லாத வலிகளைப் பற்றிய பகுதியையும் படித்துவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள்.

இப்போதே பிடித்துக்கொண்டிருக்கிறது

சதை கல் மாதிரி இறுகும்போது எல்லோரும் செய்வது, முழங்காலை மடக்கிக்கொண்டு காலைப் பிடித்தபடி புரள்வது. அப்படிச் செய்தால் பிடிப்பு நீளும். கெண்டைக்காலின் பெரிய சதை முழங்காலைத் தாண்டி மேலே தொடை எலும்பில் போய் ஒட்டுகிறது. முழங்கால் மடங்கியிருந்தால் அந்தச் சதை நீளவே முடியாது.

எழுந்து உட்காருங்கள். முழங்காலை நேராக நீட்டுங்கள். கால் விரல்களைக் கையால் பிடித்து உங்கள் முகத்தை நோக்கி மெதுவாக இழுங்கள். கை எட்டவில்லை என்றால் ஒரு துண்டைப் பாதத்தின் முன்பகுதியில் சுற்றி இரு முனைகளையும் இழுக்கலாம். வெடுக்கென்று இழுக்காமல், இழுத்த நிலையிலேயே அரை நிமிடம் வைத்திருங்கள். இறுக்கம் தளர ஆரம்பித்ததும் உள்ளங்கையால் சதையை அழுத்தித் தேய்த்துவிடுங்கள். நிற்க முடிந்தால் இன்னும் நல்லது. சுவரில் கைவைத்து, பிடித்த காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையில் முழுதாகப் படும்படி ஊன்றி, முன்னால் சாயுங்கள். தொடையின் பின்பக்கம் பிடித்தாலும் காலை நேராக நீட்டுவதே வழி. தொடையின் முன்பக்கம் என்றால் மட்டும் முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பின்பக்கம் இழுக்க வேண்டும்.

அடுத்த நாள் முழுக்க அந்த இடம் அடிபட்டது போல வலிக்கும். வெந்நீர் ஒத்தடம் போதும்.

ஊறுகாய் ஊறிய உப்பு–வினிகர் நீரைக் குடித்தால் பிடிப்பு விடும் என்று விளையாட்டு வீரர்கள் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை. 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், தண்ணீர் குடித்ததைவிட அந்த நீரைக் குடித்தபோது பிடிப்பு சீக்கிரம் விட்டது. அந்த உப்பு ரத்தத்தில் கலப்பதற்கு முன்பே விட்டுவிட்டது என்பதால், புளிப்பும் காரமான நெடியும் தொண்டையில் படும்போது நரம்பு வழியாக ஏதோ ஒரு கட்டளை போகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நம் எண்ணெய் ஊறுகாய்க்கு அந்த வேலை நடக்குமா என்று யாரும் சோதித்ததாகத் தெரியவில்லை, அதனால் அதை நம்பி ராத்திரியில் ஜாடியைத் திறக்க வேண்டாம்.

முதல் சில வாரங்கள். இரவில் கெண்டைக்கால், பகலில் தலைவலி, எழுந்தால் தலைசுற்றல்

இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் பெரும்பாலும் உப்புக் குறைவுதான். இந்தப் பகுதியை மட்டும் நிதானமாகப் படியுங்கள், பாதிப் பேருக்கு மேல் விடை இங்கேயே கிடைத்துவிடும்.

நம் ஈரலிலும் சதைகளிலும் சுமார் அரை கிலோ சர்க்கரை, கிளைகோஜன் என்ற பெயரில் சேமிப்பில் இருக்கிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் சுமார் 3 கிராம் தண்ணீர் கூடவே தங்கியிருக்கும். சோறு, இட்லி, சப்பாத்தியை நிறுத்தியதும் இந்தச் சேமிப்பு கரைகிறது; தண்ணீரும் போகிறது. முதல் வாரத்தில் எடை மிஷின் இரண்டு கிலோ குறைத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தத் தண்ணீரால்தான். இதோடு நிற்பதில்லை. மாவுச்சத்து குறைந்தால் இன்சுலினும் குறைகிறது. சோடியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்படி சிறுநீரகத்துக்குச் சொல்வது இன்சுலினின் வேலைகளில் ஒன்று. சொல்ல ஆள் இல்லாததால் சிறுநீரகம் சோடியத்தைத் தாராளமாக வெளியே விடுகிறது.

ஒரு பக்கம் சிறுநீரில் உப்பு போகிறது. இன்னொரு பக்கம் தட்டிலும் உப்பு இல்லை, இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒரு வழக்கமான பேலியோ நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் நெய்யில் வறுத்த 100 பாதாம். அப்புறம் ஒரு பட்டர் டீ. மாலையில் 4 அவித்த முட்டை. ராத்திரி 300 கிராம் சிக்கன். பாதாமில் சோடியம் அனேகமாக இல்லை. உப்பில்லாத வெண்ணெயிலும் அப்படியே. நான்கு முட்டையிலும் சேர்த்து 300 மில்லிகிராமுக்கு உள்ளே. சிக்கனில் இயற்கையாக இருப்பது ஒரு 200, 250. ஆக, நீங்கள் கையால் அள்ளிப் போடும் உப்பைத் தவிர்த்து நாள் முழுக்க வருவது ஏறத்தாழ 500 மில்லிகிராம் சோடியம். அது ஒன்றே கால் கிராம் உப்புக்குச் சமம். பேலியோவுக்கு முன்னால் சாம்பார், ரசம், கூட்டு, சட்னி, அப்பளம், ஊறுகாய், மோர் என்று ஒரு நாளைக்கு 8 கிராம் உப்பு சர்வசாதாரணமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அந்தப் பாத்திரங்கள் எல்லாம் மேஜையை விட்டுப் போனபோது உப்பும் கூடவே போய்விட்டது. சாப்பாட்டைத்தான் மாற்றினோம், உப்பைக் குறைக்க வேண்டும் என்று யாரும் முடிவெடுக்கவில்லை.

சரி, எப்படிச் சரிசெய்வது? ஒரு டம்ளர் வெந்நீரில் கால் டீஸ்பூன் உப்பு, அரை எலுமிச்சம்பழம் பிழிந்து காலையில் ஒன்று, மாலை ஐந்து ஆறு மணிக்கு ஒன்று. இதுவே கூடுதலாக அரை டீஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம் உப்பு. அதில் சோடியம் 1.2 கிராம் அளவு. இப்படி உப்பு நீராகக் குடிக்கப் பிடிக்காதவர்களுக்கு நீர்மோர் இருக்கிறது. கால் டம்ளர் தயிரில் முக்கால் டம்ளர் தண்ணீர் விட்டுக் கடைந்து, உப்பு, பெருங்காயம், நசுக்கிய இஞ்சி, கறிவேப்பிலை போட்டால் மாவுச்சத்து மிகக் குறைவு. உப்போடு கொஞ்சம் பொட்டாசியமும் கால்சியமும் கிடைக்கும். என்னைக் கேட்டால், கடையில் விற்கும் எந்த எலக்ட்ரோலைட் பொடியையும்விட நம் ஊருக்கு இதுதான் பொருத்தம்.

ஆட்டுக்கால் சூப்பும் நல்ல வழிதான். ஆனால் எலும்பிலிருந்து கால்சியமும் மக்னீசியமும் கொட்டுகிறது என்று நினைத்துக் குடிக்காதீர்கள், அதில் இறங்குவது சொற்பம். பிடிப்பை நிறுத்துவது சூப்பில் நீங்கள் போட்ட உப்பு. உப்புக் குறைவாக வைத்த சூப் இந்த விஷயத்தில் உதவாது.

இந்துப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதில் நூற்றில் 97, 98 பங்கு சாதாரண சோடியம் குளோரைடுதான். மீதியில் இருக்கும் மற்ற தாதுக்கள் கணக்கில் சேராத அளவு. விருப்பம் இருந்தால் பயன்படுத்தலாம், தவறில்லை. ஆனால் பொட்டாசியமும் மக்னீசியமும் அதிலிருந்தே கிடைத்துவிடும் என்று இருந்துவிடக் கூடாது. அயோடின் சேர்க்காத இந்துப்பை மட்டுமே வருடக்கணக்கில் சாப்பிட்டால் தைராய்டுக்குத் தேவையான அயோடின் எங்கிருந்து வரும் என்பதையும் யோசிக்க வேண்டும். வாரத்தில் சில நாட்கள் மீன் சாப்பிடாதவர்கள் சமையலுக்கு அயோடின் உப்பையே வைத்துக்கொள்வது நல்லது.

தண்ணீர் விஷயத்தில் நிறையப் பேர் இன்னும் சிக்கலாக்கிக்கொள்கிறார்கள். பிடிப்பு வந்தால் தண்ணீர் போதவில்லை என்று நினைத்து நாளைக்கு நான்கு, ஐந்து லிட்டர் குடிப்பது, ஏற்கெனவே உப்புக் குறைந்த ரத்தத்தை இன்னும் நீர்க்க வைக்கும். ராத்திரி மூன்று முறை எழுந்து சிறுநீர் கழிக்கிறீர்கள், சிறுநீர் நிறமே இல்லாமல் வெறும் தண்ணீர் போல் இருக்கிறது, அப்படியும் கால் பிடிக்கிறது என்றால் தண்ணீர் கூடிப்போயிருக்கிறது. தாகத்துக்குக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும்.

வாரியர் முறையில் ஒரே வேளை சாப்பிடுபவர்கள் அந்த ஒரு வேளையிலேயே நாளுக்கான உப்பை எல்லாம் ஏற்ற முடியாது. விரத நேரத்தில் எலுமிச்சை உப்பு நீர் குடிப்பதால் விரதம் கெடாது. பகலில் அதை இரண்டாகப் பிரித்துக் குடியுங்கள்.

இந்த மாற்றத்தைச் செய்தால் தலைவலியும் தலைசுற்றலும் பல நேரம் அன்றைக்கே குறையும். பிடிப்பு இரண்டு மூன்று ராத்திரியில் அடங்க வேண்டும். குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை என்றால் கூடுதல் உப்பை முக்கால் டீஸ்பூன் வரை கொண்டுபோகலாம். வீட்டில் பிபி மிஷின் இருந்தால் தொடங்கும் முன்பும் ஒரு வாரம் கழித்தும் பார்த்துக்கொள்ளுங்கள். காலில் வீக்கம் தெரிந்தாலோ, அழுத்தம் ஏறினாலோ கூட்டிய உப்பை நிறுத்துங்கள். உலக சுகாதார நிறுவனம் பொதுமக்களுக்குச் சொல்லும் வரம்பு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு. மாவுச்சத்தைக் குறைத்திருப்பவருக்கு, மற்றபடி உடல் நன்றாக இருந்தால், அதைவிடக் கூடுதல் தேவைப்படுகிறது என்பது இந்த உணவுமுறையைக் கையாளும் மருத்துவர்கள் பலரின் அனுபவம். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பும் நாளில் இந்தக் கூடுதல் உப்பையும் விட்டுவிட வேண்டும்.

உப்பைச் சரிசெய்தாகிவிட்டது, பிடிப்பு பாதிதான் குறைந்தது, உடம்பில் தெம்பில்லை, மலச்சிக்கல்

அடுத்த சந்தேகம் பொட்டாசியம். இதுவும் உப்போடு கோத்துக்கொண்டதுதான். சோடியம் குறைந்தால் உடம்பு ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கூட்டிச் சோடியத்தைக் காப்பாற்றப் பார்க்கும். அந்த ஹார்மோன் சோடியத்தை உள்ளே இழுக்கும்போது பொட்டாசியத்தை வெளியே தள்ளுகிறது. எனவே உப்பைச் சரிசெய்யாமல் பொட்டாசியம் மட்டும் சாப்பிடுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதுதான். வரிசை முக்கியம் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இது.

பெரியவர்களுக்கு நாளைக்கு 3,500 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் வேண்டும். இறைச்சி, முட்டை, பாதாம் என்று மட்டும் நகர்த்துபவர்கள் இந்த அளவைத் தொடுவது கடினம். பேலியோவில் மதியம் அரை கிலோ காய்கறி சாப்பிடச் சொல்வதற்கு எடை குறைப்பு மட்டும் காரணம் இல்லை. 100 கிராம் முளைக்கீரையிலோ பாலக்கிலோ 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. காளான், காலிஃபிளவர் 100 கிராமில் 300 அளவு. தேங்காய்ப் பருப்பில் 350. அவகாடோவில் 480. மீனிலும் கணிசமாகக் கிடைக்கும். வாழைப்பழத்தில் 100 கிராமுக்கு 360 அளவுதான். கூடவே 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. பொட்டாசியம் என்றாலே வாழைப்பழம் என்பது பழகிப்போன பேச்சு, கீரை அதைவிட மேல்.

சமைக்கும் விதத்தில் ஒரு கவனம் வேண்டும். காய்கறியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டினால் பொட்டாசியத்தில் பெரும் பங்கு தொட்டியில் போய்விடும். கொஞ்சமாகத் தண்ணீர் தெளித்து மூடிபோட்டு வதக்குங்கள். கீரை வேகவைத்த நீரில் மிளகு, சீரகம், உப்பு போட்டால் அதுவே சூப். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. பாலக்கிலும் பாதாமிலும் கல் உருவாகக் காரணமாகும் ஆக்சலேட் அதிகம், நாளும் 100 பாதாமும் ஒரு கட்டுப் பாலக்கும் அவர்களுக்கு நல்லதில்லை.

இளநீர் குடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரு டம்ளர் இளநீரில் 500 மில்லிகிராம் அளவுக்குப் பொட்டாசியம் உண்டு. 10 கிராம் அளவுக்குச் சர்க்கரையும் உண்டு. நாளைக்கு 40 கிராம் மாவுச்சத்து என்று வைத்திருப்பவருக்கு அது கால் பங்கு. நீரிழிவு இல்லாதவர், வெயிலில் வேலை செய்துவிட்டு வந்தவர் குடிக்கலாம். சோடியம் அதில் குறைவு என்பதால் உப்பின் வேலையை அது செய்யாது.

பொட்டாசியம் மாத்திரை, சிரப் எதையும் நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பதும் இதில் சேர்த்தி. அதில் பாதிக்குப் பாதிகூடப் பொட்டாசியம் குளோரைடு இருக்கலாம். சிறுநீரகம் மந்தமாக இருப்பவருக்கும், சில பிபி மாத்திரைகள் எடுப்பவருக்கும் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

உப்பு, கீரை எல்லாம் சரி. ஆனாலும் வாரத்தில் சில ராத்திரி பிடிக்கிறது. சதை அங்கங்கே துடிக்கிறது

இப்போது மக்னீசியத்தைப் பார்க்கலாம். முதலில் கணக்கு. நாளைக்குத் தேவை 300 முதல் 450 மில்லிகிராம். 100 பாதாம் என்பது ஏறக்குறைய 120 கிராம். அதிலேயே 300க்கு மேல் இருக்கிறது. அதில் இருக்கும் ஃபைட்டிக் அமிலத்தால் முழுவதும் உடம்பில் சேராது என்றாலும், பாதாமும் கீரையும் ஒழுங்காகச் சாப்பிடுபவருக்கு மக்னீசியம் முதல் சந்தேகமாக இருக்க வேண்டியதில்லை. பாதாம் விலை கட்டுப்படியாகாமல் முட்டைக்கு மாறியவர்கள், கீரையைத் தொடாதவர்கள், நீண்ட நாள் நீரிழிவு உள்ளவர்கள், நாள்தோறும் மது குடிப்பவர்கள், ‘கேஸ் மாத்திரை’ என்று பான்டோபிரசோல் வகையறாவை வருடக்கணக்கில் காலையில் போடுபவர்கள் ஆகியோருக்குத்தான் இது நிஜமாகவே குறையும். அந்த வகை மாத்திரைகளை நீண்ட காலம் எடுத்தால் மக்னீசியம் குறையலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011இலேயே எச்சரித்திருக்கிறது. மக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தையும் பிடித்து வைக்காது, அதனால் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் பிடிப்பு தொடரும்.

உணவில் கூட்ட பூசணி விதை சிறந்த வழி. ஒரு கைப்பிடி, 30 கிராம் எடுத்தால் 150 மில்லிகிராமுக்கு மேல் கிடைக்கும். மாத்திரை என்றால் மக்னீசியம் சிட்ரேட், கிளைசினேட் வகைகள் ஓரளவு நன்றாகச் சேரும். மலிவான மக்னீசியம் ஆக்சைடு அதிகம் சேராமல் வயிற்றைக் கலக்கும். அட்டையில் மக்னீசியத்தின் அளவு தனியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். சேர்மத்தின் மொத்த எடையைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள். மாத்திரையாக 350 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் தொடவே வேண்டாம்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். காரணம் தெரியாமல் வரும் கால் பிடிப்புக்கு மக்னீசியம் கொடுத்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பார்த்த 2020ஆம் ஆண்டு காக்ரேன் என்ற ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, வயதானவர்களுக்கு அதனால் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இருக்க வாய்ப்பில்லை என்றே முடித்திருக்கிறது. குறைபாடு இருந்தால் மாத்திரை உதவும், இல்லாதவருக்கு உதவாது. ஒரு மாதம் போட்டுப் பார்த்து மாற்றமில்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு காரணம் தேடுங்கள்.

கண் இமை மட்டும் துடித்தால் பெரும்பாலும் தூக்கக் குறைவும் காபியும்தான் காரணம். பட்டர் டீ, பட்டர் காபி என்று நாளைக்கு ஐந்து கப் போகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

மாத்திரையைவிட உறுதியாக ஒன்றைச் சொல்ல முடியும். 2012இல் நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த ஆய்வில், படுக்கப்போகும் முன் கெண்டைக்காலையும் தொடையின் பின்பக்கத்தையும் நீட்டி இழுக்கும் பயிற்சியை ஆறு வாரம் செய்தவர்களுக்கு ராத்திரிப் பிடிப்பு குறைந்தது. மேலே சொன்ன சுவர்ப் பயிற்சியேதான். காலுக்கு மூன்று முறை, ஒவ்வொன்றும் பத்து வினாடி. போர்வையைக் கால்மாட்டில் இறுக்கிச் செருகியிருந்தால் பாதம் ராத்திரி முழுக்கக் கீழ்நோக்கி நீண்டே கிடக்கும். அதையும் தளர்த்திவிடுங்கள்.

பிடிப்போடு வயிற்றுப்போக்கு

தேங்காய் எண்ணெய், நெய், வெண்ணெயை முதல் வாரமே அளவில்லாமல் ஏற்றுபவர்களுக்கு இது வரும். ஒவ்வொரு முறை போகும்போதும் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்தே போகின்றன. கொழுப்பைக் குறைத்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். மக்னீசியம் மாத்திரையே வயிற்றைக் கலக்குகிறதா என்றும் பாருங்கள். நிஜமான வயிற்றுப்போக்கு என்றால் உணவு வரம்பை எல்லாம் மறந்துவிட்டு ஓஆர்எஸ் குடிக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது. அந்தச் சர்க்கரை இல்லாமல் குடல் உப்பை வேகமாக உறிஞ்சாது. ஓஆர்எஸ் போலவே பெட்டியில் அடைத்து விற்கும் பழச்சுவைப் பானங்கள் இதற்கு மாற்று இல்லை.

நடைப்பயிற்சி, ஜிம், வெயிலுக்குப் பிறகு பிடிக்கிறது

ஒரு லிட்டர் வியர்வையில் ஒரு கிராமை ஒட்டிய சோடியம் போகலாம். ஆளுக்கு ஆள் நிறைய வேறுபடும். உலர்ந்த சட்டையில் வெள்ளைக் கோடு படிந்தால் உங்களுக்கு உப்பு அதிகம் போகிறது. சித்திரை, வைகாசியில் ஒரு மணி நேரம் நடப்பவர் கிளம்புவதற்கு அரை மணி முன்பே உப்பு நீர்மோர் குடிக்கலாம். பேலியோ தொடங்கிய அதே வாரத்தில் புதிதாக ஜிம்மும் சேர வேண்டாம். பழகாத சதை சோர்ந்தாலும் பிடிக்கும், அப்போது காரணம் உணவா பயிற்சியா என்று பிரிக்கவே முடியாமல் போகும்.

கை விரல்கள் குவிந்து மடங்குகின்றன; வாயைச் சுற்றி மதமதப்பு

இது உப்பு விஷயம் இல்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் இப்படி வரும். வைட்டமின் டி குறைபாடு அதற்கு ஒரு காரணம், தைராய்டு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கும் வரலாம். பிபி பார்க்கும்போது கைப்பட்டை இறுகி இருக்கும் சில நிமிடங்களில் மணிக்கட்டு மடங்கி, விரல்கள் நீண்டபடி ஒன்றோடொன்று ஒட்டி, கட்டை விரல் உள்ளங்கைக்குள் போனால் அது கால்சியக் குறைவின் அடையாளம். பயத்தில் வேகவேகமாக மூச்சு வாங்கினாலும் இதே மாதிரி நடக்கும். கால்சியம், மக்னீசியம், வைட்டமின் டி மூன்றையும் பரிசோதித்துப் பாருங்கள்.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள்

ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர் பேலியோ தொடங்கினால், மாத்திரையாலும் இன்சுலின் குறைவதாலும் உப்பு வெளியேறும் இரண்டு கதவுகள் சிறுநீரகத்தில் ஒரே நேரத்தில் திறக்கின்றன. இவருக்குத் தேவை கூடுதல் உப்பு இல்லை. மாத்திரை அளவை மருத்துவர் மாற்றியமைக்க வேண்டும். படுத்திருக்கும்போது ஒரு முறை, எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள் ஒரு முறை பிபி பாருங்கள். மேல் எண் 20க்கு மேல் இறங்கினால் அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு அன்றைக்கே பேசுங்கள்.

கொழுப்புக்கு ஸ்டாட்டின் எடுப்பவருக்கு இரண்டு தொடையும் தோளும் ஒரே மாதிரி வலித்துக்கொண்டே இருந்தால் அது மாத்திரையின் விளைவாக இருக்கலாம். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவருக்குப் பாதத்தில் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற உணர்வும் இருந்தால் பி12 பார்க்க வேண்டும். ஆஸ்துமாவுக்கு சால்பியூட்டமால் அடிக்கடி இழுத்தாலும் பொட்டாசியம் குறையும்.

சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மருத்துவருக்குத் தெரியாமல் மாவுச்சத்தைக் குறைக்கவே கூடாது. ரத்தச் சர்க்கரை சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடும் ஆபத்து இந்தக் கூட்டணியில் உண்டு. வாந்தி, வயிற்று வலி, மூச்சு இரைப்பு வந்தால் உப்பு நீர் குடித்துக்கொண்டு வீட்டில் இருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போங்கள். இன்சுலினோ கிளிமெபிரைடோ எடுப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் வரும். அதையும் சதைப்பிடிப்போடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

உணவோடு சம்பந்தமில்லாத வலிகள்

ஒரே ஒரு கால் வீங்கி, சூடாக, சிவந்து, வலி விடாமல் இருந்தால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அதைத் தேய்க்கக் கூடாது. அன்றே காட்ட வேண்டும். கூடவே மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் அவசர சிகிச்சைப் பிரிவு.

நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, நின்றால் ஐந்து நிமிடத்தில் விடுகிறது, மறுபடி அதே தூரத்தில் பிடிக்கிறது என்றால் காலுக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். புகைப்பவர்களும் நீரிழிவு உள்ளவர்களும் இதை உப்புக் குறைவு என்று நினைத்து மாதக்கணக்கில் தள்ளிப்போடக் கூடாது.

கடுமையான சதைவலியோடு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் சதை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். ஒரு ராத்திரிகூடக் காத்திருக்க முடியாது. இதயம் படபடத்துத் துடிப்பு தவறினால் ஒரு ஈசிஜி, கூடவே பொட்டாசியம் பரிசோதனை. இடது மார்பில் இறுக்கம் வந்தால் அதைச் சதைப்பிடிப்பு என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம்.

எல்லாம் செய்து மூன்று வாரம் ஆகியும் நிற்கவில்லை

மருத்துவரைப் பார்க்கும்போது சோடியம், பொட்டாசியம், மக்னீசியம், கால்சியம், கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கு), டிஎஸ்எச் (தைராய்டுக்கு), வைட்டமின் டி, பி12 பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். சதைவலி தொடர்ந்து இருந்தால், சதை சிதைகிறதா என்று காட்டும் சிகே என்ற பரிசோதனையும். தைராய்டு மந்தமாக இருந்தாலும் சதை பிடிக்கும். அதை எந்த உப்பும் சரிசெய்யாது. மக்னீசியம் முடிவு சாதாரணமாக வந்தால் அதை மட்டும் வைத்துக் குறைபாடு இல்லை என்று முடிவு கட்டிவிட முடியாது. உடம்பில் இருக்கும் மக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானதே ரத்தத்தில் ஓடுகிறது.

போகும்போது ஒரு தாளில் கடந்த மூன்று நாள் சாப்பிட்டதை அளவோடு எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை முட்டை, எவ்வளவு காய், எத்தனை லிட்டர் தண்ணீர், எவ்வளவு உப்பு. “பேலியோ இருக்கேன் டாக்டர்” என்று மட்டும் சொன்னால் அவருக்கு எதுவும் புரியாது. சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகளையும், நீங்களாக வாங்கிச் சாப்பிடும் சத்து மாத்திரைகளையும் சேர்த்தே எடுத்துப் போங்கள். இதற்கிடையில் மாவுச்சத்தை 60, 70 கிராம் வரை உயர்த்திப் பார்ப்பதிலும் தவறில்லை. சிலருக்கு அந்த அளவில் பிடிப்பு நின்றுவிடுகிறது, எடையும் மெதுவாகக் குறைந்துகொண்டுதான் இருக்கும்.